கூடையின் அடியில் கொஞ்சம் நீலம்

ஒரு கடலில் மேலே ஒரு பார், கீழே ஒரு பார் என இரண்டு பார்கள் இருந்தன. பவளங்களும் மீன்களும் கூடி வாழும் கடலடிப் பாறைமேட்டைத்தான் பார் என்பார்கள். மேட்டுப்பாரிலிருந்து அண்ணாந்து பார்த்தால் போகிற வருகிற படகுகளின் அடிப்பலகை தெரியும். அது முடிகிற இடத்தில் ஒரு சரிவு. அதில் இறங்கி, இறங்கி, இனிமேல் ஒன்றும் இருக்காது என்று தோன்றும்போதுதான் பள்ளப்பார் தொடங்கும்.

"பள்ளப்பாரா? அங்க என்ன இருக்கு, இருட்டும் ஈரமும்தான்" என்று மேட்டுப்பார்க்காரர்கள் சிரிப்பார்கள், தாங்களும் தண்ணீருக்குள்தான் இருக்கிறோம் என்பதை மறந்து.

இரண்டு பாருக்கும் ஒரே கூடைக்காரி. அவள் பெயர் வெளிச்சம். காலையில் தலையில் கூடையோடு கடலுக்குள் இறங்குவாள். கூடையில் எல்லா நிறமும் இருக்கும். மேட்டுப்பாரில் எல்லாரும் கைநிறைய அள்ளிக்கொள்வார்கள். முதலில் சிவப்பு தீரும். அப்புறம் ஆரஞ்சு, மஞ்சள், பச்சை. சரிவில் இறங்கி அவள் பள்ளப்பாருக்கு வந்து சேரும்போது கூடையின் அடியில் கொஞ்சம் நீலம்தான் ஒட்டிக்கொண்டிருக்கும்.

அந்த நீலத்துக்காகத் தட்டுப்பவளம் காத்திருப்பாள். பெயருக்கு ஏற்றபடி சப்பையாக, அகலமாக, சாப்பாட்டுத் தட்டு போல விரிந்திருப்பாள். விழுகிற நீலத்தில் ஒரு துளி சிந்தக் கூடாது அல்லவா?

"இன்னைக்கும் நீலம்தானா வெளிச்சக்கா?"

"பின்ன? மேல கொம்புப்பவளம் இருக்காளே, அவ ஒருத்தியே அரைக்கூடையைக் காலி பண்ணிருதா."

"பண்ணட்டும். ஒரு ஊரே அவ மடியிலதான இருக்கு."

"இந்தத் துளியூண்டு நீலத்தை வச்சு எப்படித்தான் குடும்பம் நடத்துதியோ!"

"மெதுவா நடத்துதேன்" என்று சிரிப்பாள் தட்டுப்பவளம்.

அது நிஜம். பவளங்கள் தாங்களாகச் சமைப்பதில்லை. அவர்கள் தோலுக்குள் பொடிப்பொடியாகப் பாசிகள் குடியிருக்கும். வெளிச்சத்தை அடுப்பாக வைத்து அந்தப் பாசிகள் சமைக்கும். வீட்டுக்காரிக்கும் ஒரு பங்கு கொடுக்கும். மேலே அடுப்பு கொழுந்துவிட்டு எரிந்ததால் கொம்புப்பவளம் மான்கொம்பு போலக் கிளைகிளையாக வளர்ந்து நின்றாள். கீழே சிம்னி விளக்கில் சோறு பொங்குகிற கதை. தட்டுப்பவளத்தின் ஓரம் ஒரு நகம் அளவு வளர ஒரு வருஷம் ஆகும்.

மேலே கொம்புப்பவளத்தின் கிளைகளுக்குள் ஒரு கிளிமீன் தன் குஞ்சுகளோடு குடியிருந்தாள். கிளி மூக்கு போலக் கெட்டியான வாய் அவளுக்கு. மேட்டுப்பாரில் கண்ட இடத்தில் வேறு வகைப் பாசி படரும், மழைக்காலத்துத் துவைகல்லில் படர்கிற மாதிரி. காலையிலிருந்து மாலை வரை கறுக் முறுக்கென்று அதைச் சுரண்டித் தின்பதுதான் அவள் வேலை. பாசியோடு சேர்த்துக் கடித்த கல்லெல்லாம் மணலாகிப் பின்னால் விழும். அவள் ஒரு நாள் லீவு போட்டால் பாருக்கே பச்சைத் தாடி முளைத்துவிடும்.

"உன்னால ஒரு நிமிஷம் சும்மா இருக்க முடியாதாடி?" என்று கேட்பாள் கொம்புப்பவளம்.

"சும்மா இருந்தா உடம்பெல்லாம் வலிக்குது மதினி."

ஒரு கோடையில் தண்ணீர் சூடானது. எப்போதும் சூடாகும், பிறகு ஆறும். அந்த வருஷம் ஆறவே இல்லை. குஞ்சுகள் வெளிச்சத்திடம் சண்டைக்குப் போயின.

"எல்லாம் உன்னாலதான்!"

"நான் எப்பவும் கொண்டாறதைத்தான் கண்ணுகளா கொண்டாறேன்" என்றாள் வெளிச்சம். "ஆனா வந்த சூடு திரும்பிப் போக முடியல. கரையில இருக்கவங்க விட்ட புகை, மேல போர்வையாட்டம் மூடிக் கிடக்கு."

சில நாளில் கொம்புப்பவளம் நுனியிலிருந்து வெளுக்கத் தொடங்கினாள். கிளிமீன் பதறிப் போனாள்.

"மதினி, என்ன இப்படி வெளுத்துட்டீங்க?"

"அடுப்படியில ஆள் இல்லடி. சூடு தாங்காம பாசியெல்லாம் கிளம்பிருச்சு. தண்ணி சீக்கிரம் ஆறினா திரும்பி வரும். அதுவரைக்கும் பட்டினிதான்." கொம்புப்பவளம் கொஞ்சம் மூச்சு வாங்கினாள். "நீ பிள்ளைங்களைக் கூட்டிக்கிட்டுக் கீழ போ. அங்க இவ்வளவு சூடு இருக்காது."

"நீங்க?"

"எனக்குத் துடுப்பா இருக்கு? நான் கல்லோட ஒட்டினவ."

"அங்க எனக்கு யாரைத் தெரியும் மதினி?"

"வாசல்ல போய் நின்னு பிள்ளைங்களைக் காட்டு. பேச்சு தானா வரும். போடி, நின்னு அழுது தண்ணியை இன்னும் உப்பாக்காத."

கிளிமீன் புறப்பட்டாள். கோமாளி மீனையும் கூப்பிட்டாள். அவன் வீடு கடல்சாமந்தியின் மடி. அவளை விட்டுவிட்டு வரமாட்டேன் என்று சொல்லிவிட்டான். வண்ணத்துப்பூச்சி மீன் ஒன்று பாதிச் சரிவு வரை கூட வந்தது. "எனக்கு இந்த இருட்டும் குளிரும் ஒத்துக்காது" என்று திரும்பிவிட்டது. எல்லாராலும் எல்லா வீட்டிலும் இருந்துவிட முடியாது. கிளிமீனும் குஞ்சுகளும் மட்டும் இறங்கினார்கள்.

இறங்க இறங்க நிறங்கள் ஒவ்வொன்றாகக் கழன்றன. பயந்துகொண்டே போனவள் பள்ளப்பாரைக் கண்டதும் வாயைப் பிளந்தாள். இருட்டும் ஈரமும் என்றார்களே! ஆள் உயரத்துக்குக் கடல்விசிறிகள் அசைந்துகொண்டிருந்தன. குடம் போலவும் குழாய் போலவும் கடற்பஞ்சுகள். அவள் வாழ்நாளில் பார்த்தே இராத மீன்கள், இறால்கள், இன்னும் என்னென்னவோ. தட்டுகள் தட்டுகளாகப் பவளங்கள் அடுக்கடுக்காக, ஒருத்தர்மேல் ஒருத்தர் நிழல் விழாமல் ஒதுங்கி ஒதுங்கி இருந்தன.

"யாரது? எங்க வந்தீங்க?"

ஒரு தடித்த மீன் வழியை மறித்தது. அவருக்குப் பெயர் கிடையாது. மேலே உள்ள மீன்களுக்கெல்லாம் மனிதர்கள் பெயர் வைத்துவிட்டார்கள். இங்கே இறங்கி வந்து பார்த்தவர் யாருமில்லை. உண்மையில் அவர் நல்ல சிவப்பு. சிவப்பு வெளிச்சம் அங்கே வந்ததே இல்லை என்பதால் அவர் தன்னைக் கறுப்பு என்றே நினைத்துக்கொண்டிருந்தார்.

"மேல தண்ணி சுடுது அண்ணாச்சி" என்றாள் கிளிமீன். "பிள்ளைங்க தாங்கல. ஆறுற வரைக்கும் ஒரு ஓரமா இருந்துக்கிடுதோம்."

"என்ன சொன்ன?"

"ஒரு ஓரமா இருந்துக்கிடுதோம்னு..."

"அதுக்கு முன்னாடி."

"அண்ணாச்சின்னேன்."

"ம்." அவர் துடுப்பைச் சரிசெய்துகொண்டார். "இங்க ஓரமும் கிடையாது, நடுவும் கிடையாது. இருக்கவங்களுக்கே நீலம் பத்தல."

"அவங்க நீலம் கேக்கல, நிழல்தான் கேக்காங்க" என்று தட்டுப்பவளம் குரல் கொடுத்தாள். "நிழல் எங்கிட்ட வேண்டிய மட்டும் இருக்கு. பிள்ளைங்க முகம் வாடிக் கிடக்கு, முதல்ல உள்ள வாங்க."

தட்டுக்கு அடியில் குளிர்ந்த இடம் இருந்தது. குஞ்சுகள் பல நாளுக்குப் பிறகு நன்றாகத் தூங்கின.

கிளிமீனுக்குத்தான் தூக்கம் பிடிக்கவில்லை. வந்த வீட்டில் உட்கார்ந்து சாப்பிட அவளுக்கு வராது. விடிந்ததும் வெளிச்சம் கூடையோடு வந்துபோனாள். அந்த மங்கலான நீலத்தில் கிளிமீன் வீட்டைச் சுற்றிப் பார்த்தாள். தட்டுப்பவளத்தின் ஓரம் முழுக்க வெள்ளையாக ஒரு கரை.

'ஐயோ, வெளுப்பு இங்கயும் வந்துருச்சே! மதினிக்கும் இப்படித்தானே நுனியில ஆரம்பிச்சுது!'

யாரையும் எழுப்பவில்லை. பரவுவதற்குள் எடுத்துவிட வேண்டும் என்று கறுக் முறுக்கென்று சுரண்டத் தொடங்கினாள். வருஷக்கணக்காக எண்ணெய் காட்டிப் பழக்கி வைத்த தோசைக்கல்லை, ஊரிலிருந்து வந்த விருந்தாளி பாசத்தோடு கம்பி நாரைப் போட்டுத் தேய்த்துப் பளபளவென்று வைத்தால் எப்படி இருக்கும்? அப்படித்தான்.

"ஆ! என்னடி பண்ணுத?"

"பயப்படாதீங்கக்கா. உங்க ஓரத்துல வெளுப்பு தொத்திருந்துச்சு. முக்கால்வாசி எடுத்துட்டேன்."

தட்டுப்பவளம் தன் ஓரத்தைப் பார்த்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள். "அது வெளுப்பு இல்லடி. அது நான் வளர்ந்தது."

கிளிமீனின் வாய் அப்படியே நின்றது.

புதிதாக வளர்கிற ஓரம் முதலில் வெள்ளையாகத்தான் இருக்கும். பாசிகள் குடியேறிய பிறகுதான் நிறம் வரும். மேட்டுப்பாரில் எல்லாமே வேகம் என்பதால் அவள் அதைக் கவனித்ததே இல்லை. பல வருஷத்து ஓரம் ஒரு காலைப்பொழுதில் போய்விட்டது. போதாக்குறைக்குக் கடித்ததெல்லாம் மணலாகித் தட்டின்மேல் குவிந்து கிடந்தது. கடல்விசிறி முணுமுணுத்துக்கொண்டே வீசி வீசித் தள்ளினாள்.

பார் முழுக்கக் கூடிவிட்டது. பெயரில்லாதவர் முன்னால் வந்தார்.

"இதுக்குத்தான் வாசல்லயே நிறுத்துனேன். இடம் கொடுத்தா வீட்டையே தின்னுருவாங்க. போகச் சொல்லு!"

கிளிமீன் யாரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை. குஞ்சுகளைத் தட்டி எழுப்பினாள். "வாங்க, போவோம்."

"மேல சுடுமேம்மா" என்றது மூத்த குஞ்சு.

"சுட்டா சுடட்டும்."

"நில்லு" என்றாள் தட்டுப்பவளம். "வெந்த தண்ணியில பிள்ளைங்களைக் கொண்டு போய் விடப் போறியா?"

"உங்களைக் கடிச்சுட்டு எந்த மூஞ்சியோட இங்க இருக்கது அக்கா?"

"இருக்க மூஞ்சியோட இரு. வேற மூஞ்சிக்கு எங்க போவ?"

கடற்பஞ்சு ஒருத்தி களுக்கென்று சிரித்துவிட்டாள். பெயரில்லாதவர் முறைத்ததும் அடக்கிக்கொண்டாள்.

"உங்க வீட்டு வழக்கம் உனக்குத் தெரியும், எங்க வீட்டு வழக்கத்தை நான் சொல்லித் தரல" என்றாள் தட்டுப்பவளம். "இங்க எதையும் தொடுறதுக்கு முன்னால ஒரு வார்த்தை கேளு. கேட்டுட்டு, பதில் வார வரைக்கும் காத்திரு. எங்களுக்கு எதுலயும் அவசரம் கிடையாது. அவ்வளவுதான்."

அதன்பிறகு கிளிமீன் பட்ட பாட்டைச் சொல்லி முடியாது. கடித்து வாங்குகிற வாய்க்குக் கேட்டு வாங்கப் பழக்கம் ஏது? "அண்ணாச்சி, இந்தக் கல்லு?" "தொடாத." "அக்கா, இது?" "அது கல்லு இல்ல, எங்க சித்தி." கடைசியில் பெயரில்லாதவரே பொறுக்கமாட்டாமல் அவளைச் சரிவின் அடிவாரத்துக்குக் கூட்டிப்போனார். மேலேயிருந்து உடைந்து உருண்ட துண்டுகள் அங்கே கிடந்தன. அவற்றில் மெல்லிசாகப் பாசி படர்ந்திருந்தது.

"இதைச் சுரண்டிக்கோ. உன் சத்தம் என் காதுக்குக் கேக்கக் கூடாது."

"ரொம்ப நன்றி அண்ணாச்சி."

"நன்றியெல்லாம் வேண்டாம். அந்தக் கடைசி வார்த்தையை மட்டும் விட்டுராத."

ஒரு நாள் சரிவிலிருந்து நீளமாக ஒரு கிளை உருண்டு வந்து அடிவாரத்தில் நின்றது. குஞ்சுகள் ஓடிப்போய்ப் பார்த்தன.

"அம்மா, இது அத்தையோட கை."

கிளிமீன் பக்கத்தில் வந்து பார்த்தாள். இந்தக் கிளையின் இடுக்கில்தான் குஞ்சுகள் ஒளிந்து விளையாடும். தண்ணீர் ஆறுவதற்குள் மதினியால் பட்டினியைத் தாங்க முடியவில்லை. அன்று முழுக்கக் கிளிமீன் எதையும் கடிக்கவில்லை. சும்மா இருந்தாள். தட்டுப்பவளமும் பெயரில்லாதவரும் அவளோடு சும்மா இருந்தார்கள்; அந்த வேலை பள்ளப்பார்க்காரர்களுக்கு நன்றாகவே வரும்.

கொஞ்ச நாளில் அந்தக் கிளைமேலும் பாசி படர்ந்தது. குஞ்சுகளுக்குப் பசித்தது. கிளிமீன் அதைச் சுரண்டி ஊட்டினாள். செத்த பிறகும் மதினி சோறு போட்டாள்.

அப்புறம் காற்று திசை மாறியது, மழை விழுந்தது. ஒரு காலையில் வெளிச்சம் கூடையை இறக்கிவைத்துவிட்டு, "சூடு இறங்கிருச்சு" என்றாள். யாரும் சந்தோஷப்படும் முன்பே, "ஆனா பார்க்க முடியல" என்றாள்.

"ஏன்க்கா?" என்றாள் தட்டுப்பவளம்.

"சுரண்ட ஆள் இல்லாம ஒரே பாசிக்காடு. போன தடவை நீ பெத்து விட்ட பிள்ளைங்க மேல வந்துச்சுங்க. ஒட்டிக்கிடச் சுத்தமான கல்லு வேணுமே, ஒரு கடுகளவு இடம் இல்ல. சுத்திச் சுத்திப் பார்த்துட்டு அப்படியே தண்ணியோட போயிருச்சுங்க."

தட்டுப்பவளம் ஆண்டுக்கொரு முறை தன் பிள்ளைகளைத் தண்ணீரில் விடுவாள். கண்ணுக்கே தெரியாத பொடிகள். அவை மேலே போய் எங்காவது ஒட்டிக்கொண்டால் உண்டு. இவ்வளவு நாளும் அவள் அதைப் பற்றி ஒருத்தரிடமும் சொன்னதில்லை.

கிளிமீன் முன்னால் வந்தாள். "அக்கா, ஒரு வார்த்தை கேக்கலாமா?"

"கேளு."

"மேல போய்ச் சுரண்டலாமா?"

பார் முழுக்கச் சிரித்தது. தட்டுப்பவளம் சிரிக்கவில்லை. "அங்க மறையறதுக்கு ஒரு கொம்பு இல்லடி இப்ப. சீலாமீன் பார்த்தா ஒரே வாய்."

"எனக்கும்தான் வாய் இருக்கு. பிள்ளைங்களை மட்டும் வச்சுக்கோங்க. பொழுது சாய வந்துருவேன்."

"பிள்ளைங்களை யாரு பாத்துக்கிடுவா?" என்றார் பெயரில்லாதவர். எல்லாரும் அவரையே பார்த்தார்கள். "நானா? என்ன விளையாடுதீங்களா?"

அன்றைக்கே குஞ்சுகள் அவர் வாலைப் பிடித்துத் தொங்கின. "அண்ணாச்சி மாமா, அண்ணாச்சி மாமா" என்று உயிரை எடுத்தன. அவர் எல்லாரிடமும் சலித்துக்கொண்டார். ஆனால் கிளிமீன் கொஞ்சம் நேரம் கழித்து வந்தால் சரிவு வரை போய் எட்டிப் பார்த்தவரும் அவர்தான்.

மேட்டுப்பார் முழுவதையும் ஒருத்தியால் சுரண்ட முடியாது. இன்று எடுத்த இடத்தில் நாளை பச்சை படியும். கிளிமீன் ஒரே ஒரு இடத்தைப் பிடித்துக்கொண்டாள். கொம்புப்பவளம் நின்ற அடிக்கல்லில், ஒரு உள்ளங்கை அகலம். தினமும் போவாள், சுரண்டுவாள், வருவாள். ஒரு நாள் வால்நுனி கிழிந்து வந்தாள்.

"சீலாவா?" என்றாள் தட்டுப்பவளம்.

"ஒரு கடிதான். மிச்சத்தை நான் கொடுக்கல."

"போதும்டி. நாளைக்குப் போகாத."

"உங்க ஓரம் ஒரு நகம் வளர ஒரு வருஷம் ஆகும்னீங்க. எனக்கு இந்த வால் பத்து நாள்ல வளர்ந்துரும்க்கா. கணக்குல நான்தான் லாபம்."

காலம் வந்தது. தட்டுப்பவளம் தன் பிள்ளைகளைத் தண்ணீரில் விட்டாள். அவை நீலத்திலிருந்து பச்சைக்கும், பச்சையிலிருந்து மஞ்சளுக்கும் மிதந்து ஏறிப் போயின. மறுநாள் கிளிமீன் வேலைக்குப் போய்விட்டு வந்ததும், "ஏட்டி, யாராவது வந்தாங்களா?" என்று தட்டுப்பவளம் கேட்டாள். எதையும் அவசரப்பட்டுக் கேட்காதவள் அன்று கிளிமீன் உள்ளே நுழைவதற்கு முன்பே கேட்டாள்.

"கண்ணுக்குத் தெரியாத பிள்ளையைப் பெத்து அனுப்பிட்டு வந்துச்சா வந்துச்சான்னா, நான் என்னத்தச் சொல்ல? இன்னைக்கு அந்த இடத்துல வாயை வைக்கல. சுத்தி மட்டும் எடுத்துட்டு வந்தேன்."

அப்புறம் ஒரு மழைக்காலம் போனது. ஒரு கோடை வந்தது. சுட்டது, நல்லவேளை ஆறியது. கிளிமீனின் குஞ்சுகள் அம்மாவோடு வேலைக்குப் போகிற அளவுக்கு வளர்ந்தன. தட்டுப்பவளத்தின் ஓரத்தில் மறுபடி மெல்லிய வெள்ளைக் கரை ஒன்று ஓடத் தொடங்கியது. கிளிமீன் அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் வாயை இறுக்கி மூடிக்கொண்டு போவாள்.

ஒரு காலையில் வெளிச்சம் வந்து வழக்கம்போலக் கூடையைக் கவிழ்த்தாள். நீலம் ஒரு சிட்டிகை குறைவாக விழுந்தது.

"என்ன கூடைக்காரி, அளவு குறையுதே!" என்று சண்டைக்கு வந்தார் பெயரில்லாதவர்.

"என்னை என்ன செய்யச் சொல்லுதீரு? வழியில ஒருத்தி கை நீட்டிட்டா."

"யாரு?" என்றாள் தட்டுப்பவளம்.

"புதுசு. கொம்புப்பவளம் நின்ன கல்லுலதான் உக்காந்திருக்கா, சுண்டைக்காய் அளவுல. மேல நான் தாராளமா கொடுக்கேன்லா, தட்டா விரிய வேண்டிய தேவையே இல்லாம உருண்டையா இருக்கா. ஆனா வாங்குத பக்குவம் இருக்கே!" வெளிச்சம் கூடையைத் தலையில் ஏற்றிக்கொண்டாள். "ஒரு துளி சிந்தல."

கிளிமீன் திரும்பி அக்காவைப் பார்த்தாள். தட்டுப்பவளம் தன்மேல் விழுந்திருந்த குறைந்த நீலத்தை ஒரு முறை பார்த்துக்கொண்டாள்.

"வெளிச்சக்கா" என்று கூப்பிட்டாள். "நாளைக்கு அவளுக்கு இன்னும் ஒரு பிடி போட்டுட்டு வாங்க."